டீச்சர் கேட்ட கச்சேரிகள்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ராக் கச்சேரிக்குப் போய் வந்த படங்களைப் போட்டிருந்தான். கலர் லைட், புகை, கையைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் பேர். அதற்குக் கீழே ஒருத்தி, "டீச்சர், நீங்க இந்த மாதிரி கச்சேரிக்கெல்லாம் போயிருக்கீங்களா?" என்று கேட்டு, சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தாள். பதிலை அங்கேயே எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே வந்துவிட்டேன். பரீட்சை எதுவும் இல்லை, நிதானமாகப் படியுங்கள்.

போயிருக்கிறேன் பிள்ளைகளா. உங்களுக்கு டிக்கெட், எங்களுக்கு மொட்டை மாடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் கச்சேரி 1970 என்று நினைவு. எனக்குப் பத்து வயது. ஆடி மாதம், எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா. அவர் குரல் இல்லாமல் திருவொற்றியூரில் ஆடி மாதம் விடியாது என்பது உங்களுக்கே தெரியும். ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. பெஞ்சுகளைச் சேர்த்துப் பலகை போட்டு மேடை. ஆண்கள் தெருவில் பாய் விரித்து உட்காருவார்கள். பெண்களுக்கு ஒரு ஓரமாகக் கயிறு கட்டியிருப்பார்கள். வயசுப் பெண்களுக்கு அதுவும் கிடையாது, மாடிதான். நான் சின்னப் பெண் என்றாலும் அக்காக்களோடு மாடியில்.

அன்றைக்குத்தான் எலெக்ட்ரிக் கிடாரை முதன்முதலாகப் பார்த்தேன். ஒருவர் கிடாரில் ஒயரைச் சொருகினார். கம்பியைத் தொட்டதும் தெரு முழுக்க ஒரு சத்தம் போனது. எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டு அதிர்ந்தது என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கார்டியன், பேங்கோஸ், மூன்று உயரமான டிரிபிள் காங்கோ. பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, சாமி பாட்டு இரண்டு முடித்து, சினிமாப் பாட்டுக்கு வந்தார்கள். மூன்றாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது.

கிடார் செத்துப்போனது. மைக் செத்துப்போனது. ஆனால் காங்கோ வாசித்தவர் நிறுத்தவில்லை. இருட்டில் அவர் மட்டும் வாசித்தார். கொஞ்ச நேரத்தில் தெரு கைதட்டியது. அப்புறம் யாரோ தகர டின்னில் தட்டினார்கள், யாரோ சைக்கிள் மணியை அடித்தார்கள். கரண்ட் வர அரைமணி நேரம் ஆகியிருக்கும். விளக்கு எரிந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த அரைமணி நேரத்துக்குத்தான் என் வாழ்நாளின் முதல் பரிசு.

அந்தக் காலத்தில் கச்சேரி ஆரம்பிக்கவே ராத்திரி ஒன்பது, பத்து ஆகும். இரண்டாவது ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்தால்தானே கூட்டம்? அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் இருந்தார். இன்றைக்கு மெட்ரோ ரயில் நிற்கிற விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்த அதே கம்பெனி. அவர் வேலை முடிந்து குளித்து வந்து உட்காரும்போது நாலு பாட்டுப் போயிருக்கும், ஆனால் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று ஆன பிறகு அந்தப் பழக்கம் மெல்லப் போய்விட்டது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் நல்லதுதான். இரண்டாவது ஷிப்ட்காரர்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

இரண்டாவது கச்சேரி 1981, ஆயுத பூஜை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கார்டு வருமா வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். வடசென்னையில் ஆயுத பூஜை என்றால் என்னவென்று தென்சென்னைச் சொந்தங்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என்பீல்டு, அசோக் லேலண்டு, டயர் கம்பெனி, இன்னும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் நூறு பட்டறைகள். அத்தனை இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், பூசணிக்காய், பொரி. சாயங்காலம் கேட்டைத் திறந்து குடும்பத்தை உள்ளே விடுவார்கள். வருஷம் முழுக்க அப்பா எங்கே நின்று வேலை செய்கிறார் என்று பிள்ளைகள் பார்ப்பது அன்றைக்கு மட்டும்தான். ராத்திரி வாசலில் ஆர்க்கெஸ்ட்ரா.

காமேஷ் ராஜாமணி, ஏ.வி.ரமணனின் மியூசியானோ என்று பெயர் பெற்ற குழுக்கள் இருந்த காலம் அது. எங்களுக்கு வந்தது அப்படிப் பெயர் பெற்ற குழு இல்லை. ஆனால் நன்றாக வாசித்தார்கள். பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். அறிவிப்பாளர் பெயரைப் படித்து, "விரும்பிக் கேட்டவர் இன்னார்" என்பார். 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் உமா ரமணன் பாடிய டூயட் மேல் எனக்குப் பைத்தியம். மியூசியானோ மேடைகளில் பாடிக்கொண்டிருந்த பெண், சினிமாவில் இளையராஜா இசையில் பாடிவிட்டார் என்பதே எங்களுக்கெல்லாம் பெரிய விஷயம். கச்சேரி மேடையிலிருந்து ஒரு பெண் அவ்வளவு தூரம் போக முடியும் என்பது. அவர் 2024 மே மாதம் காலமானபோது ஒரு நாள் முழுக்க அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சீட்டு எழுதினேன். பாட்டின் பெயரை மட்டும். என் பெயரை எழுதத் தைரியம் வரவில்லை. கம்பெனி வாசலில், இருநூறு ஆம்பளைகள் நடுவே, மைக்கில் ஒரு கல்யாணம் ஆகாத பெண்ணின் பெயர் ஒலித்தால் அப்பா என்ன நினைப்பார்? அண்ணன் மகனிடம் கொடுத்து அனுப்பினேன். அறிவிப்பாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெயர் எழுத மறந்த நேயருக்காக" என்றார். மறக்கவில்லை ஐயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பாட்டு முடியும்வரை தலை நிமிரவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு.

1996. நான் பள்ளியில் சேர்ந்து பத்து வருஷம். அப்போது திருவொற்றியூர் தனி நகராட்சி, சென்னையோடு சேரவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம், இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். கணக்கு சுமார், தமிழ் நன்றாக வரும். அவனால் கை சும்மா இருக்க முடியாது. பெஞ்சில் தட்டுவான். உள்ளங்கையில் ஒரு சத்தம், விரல் நுனியில் ஒரு சத்தம், கட்டை விரல் மோதிரமாக மடங்கி ஒரு சத்தம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் ஆரம்பிக்கும், திரும்பிப் பார்த்தால் நிற்கும்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது, கானா பாடுகிறேன் என்று வந்து நின்றான். எங்கே பாடு என்றேன். சொந்தமாகக் கட்டிய பாட்டு. தண்ணீர் லாரி வராத தெருவில் குடம் வரிசையில் நிற்கிற கதை. ஒவ்வொரு குடமும் பேசும். பெஞ்சு ஒத்தாசை பண்ணியது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், "இதெல்லாம் ஆண்டு விழாவில் வேண்டாம். சாவு வீட்டுத் தாளம் மாதிரி இருக்கு" என்றேன். அவனைக் குழுப் பாட்டில் பின்வரிசையில் நிறுத்தினேன். கேசட் போட்டு எல்லோரும் வாயசைத்த பாட்டு அது. சிலருக்கு நினைவிருக்கும்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டு, பையன் தட்டுகிற தாளத்தைப் பார்த்தால் எங்கே போய் முடிவான் என்று பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அந்தம்மா மீன் வியாபாரம். கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் நான் முடித்ததும் சொன்னார்: "அவுங்க அப்பா சாவுக்கு வாசிச்சாதான் டீச்சர் எங்க வூட்ல உலை வைக்கிறோம்."

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதைப் போலச் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, "சரி, போயிட்டு வாங்க" என்றேன்.

சாவு மேளம் என்றால் தள்ளி நிற்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து பழக்கம். மேளம் தெருமுனைக்கு வந்தால் கதவைச் சாத்துவார்கள். அதை ஒழுக்கம் என்று நினைத்து வளர்ந்தேன். அது சாதி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். வகுப்பில் 'எல்லோரும் சமம்' பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான்தானே.

பையன் எட்டாவதோடு நின்றுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு ஆண்டு விழாவால் யாரும் படிப்பை நிறுத்துவதில்லை. வீட்டு நிலைமை, அப்பாவின் உடம்பு என்று பல காரணம் இருந்திருக்கும். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே எனக்கு உறுத்தல்.

அடுத்து என் மகன் கதை. 2011 அக்டோபர் 30, பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிக்கா என்ற அமெரிக்கக் குழு வாசித்தது. அப்போது அவன் அங்கே வேலையில் இருந்தான். தீபாவளிக்கு வந்தவன் அவசரமாகத் திரும்பிப் போனது அதற்குத்தான் என்று பிறகு தெரிந்தது. மறுநாள் போனில் குரல் வரவில்லை, தொண்டை கட்டியிருந்தது. என்னடா பாடினார்கள் என்றால், யூடியூபில் அனுப்பினான். ஒரு நிமிஷம் கேட்டேன். "இது பாட்டா, கிரைண்டரா?" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அம்மா, போன்ல கேட்டா அப்படித்தான். நெஞ்சுல கேக்கணும்" என்றான். எனக்குப் புரியவில்லை.

ஆறு வருஷம் கழித்துப் புரியவைத்தான். 2018 ஜனவரி 6, சனிக்கிழமை. நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. "கீழ்ப்பாக்கத்துல ஒரு கச்சேரி, வாம்மா, உனக்குத் தெரிஞ்ச சத்தம்தான்" என்றான். 28-ஆம் நம்பர் பஸ்ஸில் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோ. சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானம். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்த பெயர் என்று மகன் சொன்னான். 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிடார், டிரம்ஸ், பறை. எல்லோரும் கோட்டு சூட்டு. அவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண், இசைவாணி. கானா ஆம்பளைப் பாட்டு என்று இருந்த இடத்தில் நின்று பாடினார். 2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்களுக்கு உட்கார இடமில்லை, நின்றோம். முதலில் கிடார் வந்தது. கிரைண்டர் சத்தம். மகன் சொன்னது போல அது காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. அதற்குமேல் சட்டியும் கட்டமோளமும் சேர்ந்தன. சட்டி என்பது கழுத்தில் மாட்டிக் குச்சியால் அடிக்கிற சின்ன வாத்தியம். சாவு ஊர்வலத்தில் முன்னால் போகுமே, அதேதான். அந்தச் சத்தத்துக்குத்தான் எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இங்கே லைட் போட்டு, மைக் வைத்து, கோட்டு போட்டு வாசித்தார்கள். நாலாயிரம் ரூபாய் ஸ்பீக்கரா நாலு லட்சமா தெரியாது, தரை அதிர்ந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு வந்தபோது பிள்ளைகள் குதித்தார்கள்.

நான் குதிக்கவில்லை. உள்ளங்கை, விரல் நுனி, மடங்கிய கட்டை விரல். 22 வருஷத்துக்கு முன்னால் என் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் கேட்டது இதுதான். அப்போது நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நின்றுபோன தாளம், இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "அம்மா, சத்தம் ஜாஸ்தியா இருக்கா? போலாமா?" என்றான் மகன். முடியும்வரை இருக்கலாம் என்றேன்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் 2, 3 தேதிகளில் நடந்த 'இளையராஜா 75' நிகழ்ச்சிக்கு நீங்கள் சில பேர் சேர்ந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தீர்கள். அது என் வாழ்நாள் சந்தோஷங்களில் ஒன்று. அந்த வயலின் வரிசையை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்து அழுதேன் என்று அப்போதே எழுதியிருக்கிறேன். ஆனால் அழும்போதுகூட எனக்கு அந்தப் பையன் நினைவு வந்தது. அவன் போன் நம்பரை வாங்கி வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அதே 2019 ஆடியில் அவனே எதிரில் வந்தான். காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு தெருத் திருவிழா. டெம்போவிலிருந்து பாக்ஸ் இறக்கிக்கொண்டிருந்தான். பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை, சாயங்காலம் செட்டு.

"என்னைத் தெரியுதாப்பா?"

"இன்னா டீச்சர், தெரியாமயா? அஞ்சாங்கிளாஸ்."

"அன்னிக்கு ஆண்டு விழாவுல உன்னைப் பாட விடல. தப்பு பண்ணிட்டேன்பா."

வாத்தியத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "ஞாபகம் கீது டீச்சர்" என்றான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து நாலு வரிசை தள்ளிப் போட்டான். "இங்க குந்துங்க. முன்னாடி குந்துனா காது போய்டும்."

அதன்பின் பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் அவனிடமிருந்து வாழ்த்து வரும். கொரோனா காலத்தில் திருவிழாவே இல்லாமல் செட்டுக்காரர்கள் பட்ட பாட்டை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த ஆடியில் மெசேஜ் வந்தது: மூணாவது வெள்ளி புரோகிராம், பொண்ணு வாசிக்கிறா, வாங்க. போனேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். அப்பா பாடுகிறான், அவள் ரிதம் பேடு வாசிக்கிறாள். கயிறு கட்டி ஓரமாக உட்கார்ந்திருந்த எங்கள் காலத்தை நினைத்துக்கொண்டேன். மேடையின் நடுவில் இருந்தாள்.

சீட்டுப் பழக்கம் இன்னும் இருக்கிறது. பேப்பர் வாங்கி எழுதினேன். 'தண்ணீர் லாரி பாட்டு. விரும்பிக் கேட்பவர்' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டு, கீழே 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்றும் எழுதி அனுப்பினேன். அவன் மைக்கில் என் பெயரைப் படித்தான். அப்புறம் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கச்சேரி முடிந்ததும் கீழே இறங்கி வந்தான். "அந்தப் பாட்டு மறந்துபோச்சு டீச்சர். ஒரு லைன்கூட வரல" என்றான்.

எனக்கும் வரிகள் நினைவில்லை. குடங்கள் பேசியது நினைவிருக்கிறது, என்ன பேசின என்பது நினைவில்லை. அதைக் கேட்டது ஒரு வகுப்பு, ஒரே ஒரு முறை. மேடை ஏறியிருந்தால் நூறு பேர் கேட்டிருப்பார்கள், யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருப்பார்கள். தாளம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது என்று சொல்லி, நாற்காலிக் கையில் தட்டிக் காட்டினேன்.

அவன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். "தப்பு டீச்சர்" என்றான். பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் குனிந்து சரியாகத் தட்டினான். அவன் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது தடவை அவளும் சேர்ந்துகொண்டாள். மூன்றாவது தடவைதான் எனக்குச் சரியாக வந்தது.

கேள்வி கேட்ட பெண்ணுக்கு இதுதான் பதில். போயிருக்கிறேன் அம்மா, இன்னும் போகிறேன்.

உங்களில் ஏழெட்டுப் பேர் இப்போது ஆசிரியர்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பின்னால் பெஞ்சில் சத்தம் கேட்டால், ஒரு நிமிஷம் திரும்பாமல் கேளுங்கள். அப்புறம் கணக்கு நடத்தலாம்.

1996 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்தக் குடங்கள் என்ன பேசின என்று ஒரு வரியாவது நினைவிருக்கிறதா? இருந்தால் கீழே எழுதுங்கள். அவனிடம் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவொற்றியூர்